நெல்லிக்கனியும் ஒரு மோதிரமும்: ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எதைப் பற்றிய நாவல்?

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில், ஆங்கில நாவல்கள் அடுக்கிய மேசைக்கு முன்னால் ஒரு குழப்பம் தவறாமல் நடக்கும். கல்லூரிப் பிள்ளை ஒருவர் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்று போட்ட செங்கல் கனப் புத்தகத்தைக் கையில் எடுப்பார். பக்கத்திலேயே அதே பெயரில் மெலிந்த புத்தகங்கள் மூன்று இருக்கும். அதற்கடுத்து ‘தி ஹாபிட்’, அதற்கும் கீழே ‘தி சில்மரில்லியன்’. செல்போனில் பார்த்த தொடர் இதில் எது? சினிமாவில் வந்தது எது? பின்னட்டையைத் திருப்பி விலையைப் பார்ப்பார். “நல்லவன் கெட்டவன் சண்டைதானே, படத்துலயே பார்த்துக்கலாம்” என்று வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

இதில் இரண்டு குழப்பங்கள் இருக்கின்றன. எந்தப் புத்தகம் என்பது ஒன்று. அதை ஐந்து வரியில் தீர்த்துவிடலாம். ‘நல்லவன் கெட்டவன் சண்டை’ என்ற முடிவு இன்னொன்று. இந்தக் கட்டுரை முக்கியமாக அதற்காகத்தான்.

எது நாவல், எது கிளை

எல்லாவற்றுக்கும் மூலவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். 1892இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கில மொழியும் இலக்கியமும் கற்பித்த பேராசிரியர்.

1. 1937: ‘தி ஹாபிட்’. சிறுவர் கதை. ஹாபிட் என்பது மனிதரில் பாதி உயரம் உள்ள, சாப்பாட்டுப் பிரியமான, ஊரைவிட்டு நகர விரும்பாத இனம். பில்போ என்ற ஹாபிட்டுக்கு ஒரு குகையில் மோதிரம் கிடைக்கிறது. போட்டால் உருவம் மறையும். அங்கே அது வெறும் மாய மோதிரம்தான்.

2. 1954–55: ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. இன்னொரு ஹாபிட் கதை கொடுங்கள் என்று பதிப்பகம் கேட்டதால் 1937 டிசம்பரில் தொடங்கியது. முடிக்க ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆயின. இது ஒரே நாவல். உள்ளே ஆறு பகுதிகள், 62 அத்தியாயங்கள். போருக்குப் பின் காகிதம் விலையேறிக் கிடந்த காலம் என்பதால் பதிப்பகம் மூன்று தொகுதிகளாகப் பிரித்து வெளியிட்டது. கடையில் இருக்கும் தடித்த ஒன்றும் மெலிந்த மூன்றும் ஒரே சரக்குதான்.

3. 1977: ‘தி சில்மரில்லியன்’. டோல்கீன் 1973இல் இறந்த பிறகு மகன் கிறிஸ்டோபர் தொகுத்தது. அந்த உலகத்தின் தல புராணம் என்று வைத்துக்கொள்ளலாம். கோயிலைப் பார்க்காதவர் கையில் முதலில் தலபுராணத்தைக் கொடுக்கக் கூடாது.

4. 2001, 2002, 2003: பீட்டர் ஜாக்சன் எடுத்த மூன்று படங்கள். நாவலின் கதைதான், பல வெட்டுகளோடு. மூன்றாவது படம் 11 ஆஸ்கர் விருதுகள் வாங்கியது.

5. 2022 முதல்: பிரைம் வீடியோவில் தமிழ்க் குரலோடும் வந்த ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடர். நாவல் நடப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய காலம். நாவலின் கடைசியில் உள்ள பின்னிணைப்புக் குறிப்புகளை ஊதிப் பெரிதாக்கி எழுதிய கதை. அதைப் பார்த்துவிட்டு நாவலில் அதே காட்சிகளைத் தேடினால் கிடைக்காது.

சரி, வாங்க வேண்டியது இரண்டாவது. இதுவரை படித்த காவியக் கற்பனை நாவல்களில் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

‘காவியக் கற்பனை’ என்ற சொல்லையும் இங்கேயே முடித்துவிடுவோம். நம் மாயாஜாலக் கதைகளில் மந்திரவாதி ஏழு கடல் தாண்டி வருவான், கிளிக்குள் உயிர் இருக்கும். அந்த ஏழு கடலுக்கு வரைபடம் கிடையாது, தேவையும் இல்லை. காவியக் கற்பனையில் வரைபடம் உண்டு. அந்த உலகத்துக்கென்று ஆறு, மலை, அரச வம்சம், மொழி, நாட்காட்டி எல்லாம் இருக்கும். ஒருவரின் பயணத்தோடு அந்த மொத்த உலகத்தின் தலையெழுத்தும் கட்டப்பட்டிருக்கும்.

கதையின் முடிச்சு

சௌரான் என்றொரு இருண்ட சக்தி. எல்லோரையும் தன் விருப்பத்துக்கு அடக்க ஒரு மோதிரம் செய்து, தன் பலத்தில் பெரும்பகுதியை அதற்குள் வைத்துவிடுகிறான். பிறகு ஒரு போரில் அதை இழக்கிறான். பல நூற்றாண்டு கழித்து அது பில்போவின் சட்டைப்பையில் இருக்கிறது. பில்போவிடமிருந்து அவர் வளர்ப்புப் பிள்ளை ஃப்ரோடோவுக்கு வருகிறது. மோதிரம் வார்க்கப்பட்ட எரிமலையில் போட்டால் மட்டுமே அது அழியும். அந்த மலையோ எதிரியின் நாட்டுக்கு நடுவில் இருக்கிறது. ஃப்ரோடோ செப்டம்பர் 23 அன்று வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். மோதிரம் அழிவது மார்ச் 25. நாவலின் நடுப்பகுதி முழுக்க இந்த ஆறு மாதம்தான்.

வழக்கமான சாகசக் கதையில் நாயகன் ஆயுதத்தைத் தேடிப் போவான். இங்கே எதிரியை வெல்லக்கூடிய ஆயுதம் ஆரம்பத்திலேயே நல்லவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. அதை அவர்கள் எடுத்துப் பயன்படுத்தாமல் இருக்க முடியுமா என்பதுதான் கதை. படத்தில் யானையும் கோட்டையும் குதிரைப் படையும் கண்ணை நிறைப்பதால் இது பின்னுக்குப் போய்விடுகிறது. நாவலில் ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு ஆள் முன்னாலும் இந்தக் கேள்வி வந்து நிற்கும்.

மோதிரம் எப்படி வேலை செய்கிறது

இதைப் புரிந்துகொண்டால் நாவல் பாதி புரிந்த மாதிரி.

1. ஆயுளை நீட்டும், உயிரைக் கூட்டாது. நாவலின் தொடக்கத்தில் பில்போவுக்கு 111 வயது. பார்க்க ஐம்பது போல இருக்கிறார். ஊர் பொறாமைப்படுகிறது. அவருக்குள்ளே என்னவோ இழுபட்ட மாதிரி இருக்கிறது. கொஞ்சம் வெண்ணெயைப் பெரிய ரொட்டி முழுக்கத் தடவியது போல என்கிறார். நம் கணக்கில், நாலு பேருக்குக் கரைத்த மோரை நாற்பது பேருக்கு ஊற்றியது போல.

2. ‘இது எனக்கு உரியது’ என்பதற்கு ஒரு நியாயத்தைத் தயார் செய்து தரும். பில்போவுக்கு முன் மோதிரத்தை வைத்திருந்தவன் கோல்லம். ஆற்றில் அதைக் கண்டெடுத்தது அவனுடைய நண்பன். இன்று எனக்குப் பிறந்தநாள், அதைப் பரிசாகக் கொடு என்று கோல்லம் கேட்கிறான். நண்பன் மறுத்ததும் கழுத்தை நெரித்துவிடுகிறான். அதற்கப்புறம் நூற்றாண்டுக் கணக்கில் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது, ‘என் பிறந்தநாள் பரிசு’. பில்போவும் இதில் சளைத்தவர் இல்லை. மோதிரம் கிடைத்த கதையைத் தனக்குச் சாதகமாக மாற்றித்தான் முதலில் சொல்கிறார். இதில் ஒரு வேடிக்கை: 1937இல் வந்த ‘தி ஹாபிட்’ முதல் பதிப்பில் கோல்லம் விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தையே பரிசாகத் தருவதாக ஒத்துக்கொள்கிறான். பின்னால் எழுதிய பெரிய நாவலுக்கு அது பொருந்தவில்லை. டோல்கீன் அந்த அத்தியாயத்தைத் திருத்தி 1951இல் புதிய பதிப்பு கொண்டுவந்தார். பழைய பதிப்பில் இருந்தது? அது பில்போ சொன்ன பொய் என்று ஆக்கிவிட்டார். ஒரு பதிப்புக் குளறுபடியைப் பாத்திரத்தின் குணமாக மாற்றிய சாமர்த்தியம் இது.

3. அவரவரின் நல்ல குணம் வழியாகத்தான் உள்ளே நுழையும். இரக்கம் உள்ளவனிடம் ‘இதை வைத்து எத்தனை பேரைக் காப்பாற்றலாம்’ என்று காட்டும். நாட்டுப்பற்று உள்ளவனிடம் நாட்டைக் காட்டும். கெட்ட ஆசையைக் கிளப்புகிற பொருளாக இருந்திருந்தால் நல்லவர்களுக்குப் பயமே இல்லை.

4. கையைவிட்டுப் போகாது. மோதிரத்தை ஃப்ரோடோவுக்கு விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போகப் பில்போ முடிவெடுக்கும் காட்சியைப் பாருங்கள். உறையில் போட்டாயிற்று, மேடைமேல் வைத்துவிட்டேன் என்கிறார். பிறகு பார்த்தால் உறை சட்டைப்பையிலேயே இருக்கிறது. எனக்கே உரியது என்று கத்துகிறார், கை வாளுக்குப் போகிறது, அடங்குகிறார், மூட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கும் போகிறார். உறை இன்னும் பையில். கடைசியில் எடுத்து மேடைமேல் வைக்கப் போகும்போது கை தானாகப் பின்னுக்கு இழுக்க, உறை தரையில் விழுகிறது. குனிவதற்குள் மந்திரவாதி காண்டால்ஃப் சட்டென்று எடுத்து மேடைமேல் வைத்துவிடுகிறார். ‘பீரோ சாவியை மருமகளிடம் கொடுத்தாச்சு’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, சாவியை இடுப்பிலேயே செருகி வைத்திருக்கும் பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

அதியமான் கையில் கிடைத்தது

தருமபுரிக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு கதை ஞாபகம் வர வேண்டும். தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்குப் பெரிய மலைப் பிளவில், ஏறுவதற்கு அரிய உச்சியிலிருந்து ஒரு நெல்லிக்கனி கிடைக்கிறது. சாவைத் தள்ளிவைக்கும் கனி. அதைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்துவிடுகிறான். புறநானூற்றின் 91ஆம் பாடலில் ஔவையார் இதைப் பாடும்போது கவனித்துச் சொல்லும் விஷயம் வேறு. கனியின் பயனை அவன் வெளியே சொல்லவில்லை, தனக்குள் அடக்கிக்கொண்டான் என்கிறார். சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருக்க மாட்டார், அல்லது கொடுத்தவனுக்குப் பெருமை சேர்ந்திருக்கும். இரண்டும் நடக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இதைக் கொடைக்கு உதாரணமாகச் சொல்லித் தருகிறார்கள். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். போர் நடத்துகிற, பகைவர் சூழ்ந்த ஓர் அரசன் ‘நான் நீண்ட நாள் இருந்தால்தானே நாட்டுக்கு நல்லது’ என்று மிக எளிதாகத் தனக்கே நியாயம் சொல்லிக்கொண்டு அதைத் தின்றிருக்கலாம். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த நியாயத்தை அவன் தேடவில்லை. மோதிரம் எல்லோர் காதிலும் ஓதுவது இதே நியாயத்தைத்தான்.

வேண்டாம் என்றவர்கள், வேண்டும் என்றவர்கள்

காண்டால்ஃபிடம் ஃப்ரோடோ மோதிரத்தை நீட்டும் இடம் இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. அவர் பதறிப் போய் மறுக்கிறார். தன்னை அது பிடிக்கப் போவது இரக்கத்தின் வழியாக, நல்லது செய்யும் ஆசையின் வழியாக என்று அவருக்குத் தெரியும்.

எல்ஃப் இனத்து அரசி கலாட்ரியேல் இன்னும் ஒரு படி மேலே. இதற்காக நான் ஏங்கியதுண்டு என்று ஒத்துக்கொள்கிறாள். மோதிரத்தோடு தான் என்ன ஆவாள் என்பதை ஒரு கணம் பேசிக் காட்டிவிட்டு, அப்புறம் சிரித்து, சாதாரணமாகச் சுருங்கி நிற்கிறாள். தேர்வில் தேறிவிட்டேன், இனி நான் குறைந்துபோவேன் என்கிறாள். மறுத்ததற்குப் பரிசு எதுவும் இல்லை, இழப்புதான் மிச்சம்.

சாம் தோட்டக்காரன். ஃப்ரோடோவின் வேலையாள், துணை. கொஞ்ச நேரம் மோதிரம் அவன் கையிலும் இருக்கிறது. அவனுக்கு அது காட்டும் கனவு அருமையானது: எதிரியின் பாழ்நிலம் முழுவதும் பூந்தோட்டமாக மாறுகிறது, உலகமே அவன் கட்டளைக்குப் பூக்கிறது. சாமைக் காப்பாற்றுவது தத்துவம் இல்லை. எஜமானன் மேல் உள்ள அன்பும், ஒரு சின்னத் தோட்டத்துக்குமேல் தன்னால் பார்த்துக்கொள்ள முடியாது என்ற விவசாயக் கணக்கும்தான். காட்டை எத்தனை ஏக்கர் வாங்கினாலும் களை பறிக்க ரெண்டு கைதானே.

வேண்டும் என்றவர்களில் கவனிக்க வேண்டியவர்கள் இருவர். சாருமான், நல்லவர்களின் சபைக்கே தலைவராக இருந்த மந்திரவாதி. ஒழுங்கும் அறிவும் ஆட்சியும் வேண்டும், அதற்காக வழியில் நடக்கும் கெடுதல்களைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று பேசுவார். சௌரானும் தொடக்கத்தில் ஒழுங்கின்மேல் ஆசை கொண்டவனாகத்தான் இருந்தான் என்று டோல்கீன் பிற்காலக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நாவலுக்குள்ளேயே எல்ரோண்ட் என்ற பெரியவர், எதுவும் தொடக்கத்தில் தீயதாக இருந்ததில்லை, சௌரானும்கூட என்று சொல்கிறார்.

இன்னொருவன் போரோமிர். எதிரியின் எல்லையில் இருக்கும் நாட்டின் மூத்த இளவரசன் போன்றவன். தினம் தினம் தன் ஆட்கள் சாவதைப் பார்த்தவன். ஆயுதம் கையில் இருக்கும்போது அதை அழிக்கப் போகிறோம் என்பது அவனுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அவன் கேள்வி நியாயமானது. ஃப்ரோடோவிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறான், அடுத்த நிமிடமே உடைந்து அழுகிறான், பிறகு இரண்டு சின்ன ஹாபிட்களைக் காப்பாற்ற அம்புகள் தைத்துச் சாகிறான். விடியவிடியக் கர்ண மோட்சம் கூத்துப் பார்த்து அழுதவர்களுக்குப் போரோமிர் வேற்றூர்க்காரன் இல்லை.

திரையைவிட்டு வெளியே வராத வில்லன்

கூத்தைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லிவிடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கும்போது துரியோதனன் வருகையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, கிரீடமும் புஜக்கட்டையும் அசைய, திரைக்குப் பின்னாலிருந்தே பாட்டு தொடங்கும். வில்லனுக்குத்தான் வேஷம் கனம். கட்டியக்காரன் அவனைக் கிண்டலடிப்பான், அவனும் பதில் சொல்வான். கெட்டவன் முகத்தை மணிக்கணக்கில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

டோல்கீன் இதற்கு நேரெதிராகச் செய்கிறார். நாவல் முழுக்கச் சௌரான் ஒரு தடவைகூட நேரில் வருவதில்லை. அவன் பேசியதாக நாம் கேட்பதும் ஒரு ஹாபிட் பயந்துபோய் ஒப்பிக்கும் சில வரிகள்தான். தீமைக்கு முகம் இல்லாததால், அது இருக்கும் இடமெல்லாம் நமக்குத் தெரிந்த முகங்களாக இருக்கின்றன: பில்போ, போரோமிர், கடைசியில் ஃப்ரோடோ. தீமை வெளியிலிருந்து தாக்கும் சக்தியா, உள்ளுக்குள் நன்மை இல்லாமல் போன வெற்றிடமா என்ற பழைய விவாதத்தில் டோல்கீன் எந்தப் பக்கமும் சாயாமல் மோதிரத்தை நடுவில் வைத்தார் என்று ஆய்வாளர் டாம் ஷிப்பி விளக்குகிறார். மோதிரம் அவர்களை ஆட்டிவைக்கிறதா, அவர்களுக்குள் இருந்ததை வெளியே கொண்டுவருகிறதா என்பதை நாவல் முடியும்வரை உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்கு இந்த நாவலில் பிடித்ததே அதுதான்.

கடைசியில் நடப்பது

முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்.

ஃப்ரோடோ தோற்கிறான். எரிமலையின் விளிம்புவரை போனவன், செய்ய வந்ததைச் செய்ய மாட்டேன், மோதிரம் என்னுடையது என்று அறிவித்து விரலில் போட்டுக்கொள்கிறான். பின்தொடர்ந்து வந்த கோல்லம் பாய்ந்து, விரலோடு சேர்த்துக் கடித்துப் பிடுங்குகிறான். கைக்கு வந்த சந்தோஷத்தில் கால் தவறித் தீக்குள் விழுகிறான். மோதிரம் அழிகிறது.

இது அதிர்ஷ்டம் போலத் தெரியும். காரணத்தைப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால்:

1. கோல்லம் அந்த இடத்தில் உயிரோடு இருந்தால்தான் இது நடக்கும்.

2. மலையேறும் வழியில் சாம் அவனைக் கொல்ல வாளை ஓங்கினான், முடியாமல் விட்டுவிட்டான். மோதிரத்தைச் சுமப்பது என்றால் என்ன என்று அவனுக்கும் இப்போது தெரியும்.

3. அதற்கு முன் ஃப்ரோடோ அவனைப் பிடித்தும் கொல்லாமல் வழிகாட்டியாக வைத்துக்கொண்டான்.

4. எல்லாவற்றுக்கும் முன்னால், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய குகையில், உருவம் மறைந்து, கையில் வாளோடு நின்ற பில்போ, வழியை மறித்து உட்கார்ந்திருந்த கோல்லத்தைக் குத்தாமல் தாண்டிக் குதித்தார். இருட்டில் தனியாக இருந்த அந்தப் பிறவியின் மேல் ஒரு நொடி இரக்கம்.

உலகத்தைக் காப்பாற்றியது நாயகனின் மன உறுதி இல்லை. அது கடைசிப் படியில் தீர்ந்துபோகிறது. மூன்று பேர் மூன்று தடவை கொல்லாமல் விட்டதன் தொகைதான் அந்த முடிவு. ஃப்ரோடோவின் மேல் குற்றம் சொல்ல முடியாது, அந்த இடத்தில் அந்தச் சுமையை யாராலும் தாங்க முடியாது என்று டோல்கீன் பின்னாளில் வாசகர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். 1916இல் சோம் போர்க்களத்தின் பதுங்குகுழிகளில் கிடந்து, காய்ச்சலோடு திரும்பியவர் அவர். மனிதர் எதுவரை தாங்குவார் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

கதை அங்கே முடியவுமில்லை. படம் வெட்டிவிட்ட ஒரு பெரிய அத்தியாயம் உண்டு. வீரர்கள் ஊர் திரும்பினால், ஊர் பறிபோயிருக்கிறது. மரங்கள் வெட்டப்பட்டு, சட்டதிட்டங்கள் ஒட்டப்பட்டு, விளைச்சலைப் ‘பங்கிட’ என்று ஆட்கள் வந்து அள்ளிப் போகிறார்கள். பில்போவின் பிறந்தநாள் விருந்து நடந்த மரம் களத்தில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்துச் சாம் அழுகிறான்.  டோல்கீன் சின்ன வயதில் வாழ்ந்த பர்மிங்காம் பக்கத்துக் கிராமம் பத்து வயதுக்குள் அழிந்துபோனதைப் பார்த்தவர், அந்த ஞாபகம் இதில் உண்டு என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். சாலை அகலப்படுத்தியபோது நம் பக்கத்து நெடுஞ்சாலைப் புளியமரங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் அந்தப் பக்கத்தை மெதுவாகத்தான் படிப்பார்கள்.

அப்போது சாமிடம் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. கலாட்ரியேல் தன் தோட்டத்திலிருந்து எடுத்துக் கொடுத்த மண். மரம் வெட்டுப்பட்ட இடமெல்லாம் ஒரு கன்று நட்டு, வேரில் ஒரு துளி மண் போடுகிறான். பாரதத் திருவிழாவின் படுகளத்தன்று பீமன் துரியோதனனைத் தொடையில் அடித்து முடித்த பிறகு, மண்ணால் செய்த அந்தப் பெரிய உருவத்திலிருந்து பிடி மண் எடுத்துக்கொண்டு போய் வீட்டில் வைக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. விழுந்தவனுக்காகக் காந்தாரி ஒப்பாரி வைப்பதும் அதே களத்தில்தான். போர் முடிந்த இடத்தில் வெற்றிக்கூச்சல் மட்டும் போதாது என்பது இரண்டு மரபுக்கும் தெரிந்திருக்கிறது.

குறைகள்

ஓர்க் என்ற எதிரிப் படையினர் பிரச்சினைதான் பெரியது. எதுவும் தொடக்கத்தில் தீயதில்லை என்றால், பிறவியிலேயே கெட்ட ஓர் இனம் எப்படி? டோல்கீனுக்கே இது உறுத்தியது. கடைசிவரை அவர்களின் பூர்வீகத்தை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தார், தீரவில்லை. இரண்டாவது, சௌரானுக்கு உதவ வரும் மனிதர்கள் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிற, கருத்த நிறத்தவர்கள். நம்மைப் போன்ற நிறத்தவர்கள் படிக்கும்போது இது தட்டத்தான் செய்யும். தட்டவில்லை என்று நடிக்க வேண்டியதில்லை. 1938இல் அவருடைய நூலை வெளியிட விரும்பிய ஜெர்மன் பதிப்பகம் ‘நீங்கள் ஆரியரா’ என்று கேட்டபோது கோபமாகப் பதில் வரைந்தவர் அவர். ஆனாலும் நாவலில் இருப்பது நாவலில் இருக்கிறது.

அதே நாவலில்தான் இதுவும் இருக்கிறது: தெற்கு நாட்டுச் சிப்பாய் ஒருவன் அம்பு தைத்துச் சாமின் காலடியில் வந்து விழுகிறான். சாம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இவன் பேர் என்னவாக இருக்கும், எந்த ஊர், உண்மையிலேயே கெட்டவனா, எந்தப் பொய் அல்லது மிரட்டல் இவனை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது, வீட்டிலேயே இருந்திருக்கத்தானே ஆசைப்பட்டிருப்பான் என்று யோசிக்கிறான். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக நடுகற்கள் நிற்கின்றன. மாட்டுக்காகச் செத்த ஒருவனுடைய பேரையும் ஊரையும் கல்லில் வெட்டி வைத்த மண் இது. சாம் கேட்பது அந்தப் பேரைத்தான். டோல்கீன் பதில் தரவில்லை, அடுத்த வரியில் யானை வந்துவிடுகிறது.

பெண்கள் குறைவு என்பதும் உண்மை. இருக்கும் சிலர் கனமானவர்கள் என்பது சமாதானம் ஆகாது.

எப்படிப் படிப்பது

1. முகவுரையை விடுங்கள். ஹாபிட்கள் புகைக்கும் இலையைப் பற்றிய ஆராய்ச்சி அங்கே இருக்கிறது. அதிலேயே பலர் படுத்துவிடுகிறார்கள். நேரே முதல் அத்தியாயம், பிறந்தநாள் விருந்து. இரண்டாம் அத்தியாயத்தைப் படித்து முடித்தும் பிடிக்கவில்லை என்றால் புத்தகத்தை மூடிவிடலாம், பாவமில்லை.

2. டாம் பாம்படில் என்று ஒருவர் பாடிக்கொண்டே வருவார். படத்தில் அவரைக் காணோம். மோதிரத்தால் எதுவும் செய்ய முடியாத ஒரே ஆள். ஏன் என்று நாவல் சொல்லாது, அப்படியே விட்டுவிடுங்கள்.

3. ‘எல்ரோண்டின் சபை’ என்ற அத்தியாயம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி. ஒவ்வொருவரும் எழுந்து ஆதியோடந்தமாகச் சொல்வார்கள். ஒரே உட்காரலில் படித்தால்தான் கோவையாக இருக்கும்.

4. இரண்டாம் தொகுதியின் முதல் பாதியில் ஃப்ரோடோவே வரமாட்டான். படம் மாற்றி மாற்றிக் காட்டியது, நாவல் அப்படிச் செய்யாது. எரிச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எதிரியின் தூதன் ஃப்ரோடோவின் கவசச் சட்டையைத் தூக்கிக் காட்டும் இடம் மூன்றாம் தொகுதியில் வரும். இரண்டாம் தொகுதி முடிந்த பிறகு மறுபக்கம் என்ன நடந்தது என்று அதுவரை நமக்கும் தெரியாது. அங்கே நிற்பவர்களோடு சேர்ந்து நம் வயிறும் கலங்கும்.

5. ஆங்கிலம் கொஞ்சம் பழைய நடை. நிலத்தைக் குறிக்கும் சொற்கள்தான் படுத்தும்: சரிவு, பள்ளத்தாக்கு, புதர்க்காடு என்று பத்து வகை. ஒகேனக்கல் பக்கத்துக் காட்டிலோ தீர்த்தமலையிலோ நடந்து ஏறிய பழக்கம் இருந்தால் அகராதி இல்லாமலே பாதி விளங்கும். வரைபடத்தை மட்டும் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

6. இரவுக்கு ஓர் அத்தியாயம் என்றால் இரண்டு மாதம். வாங்கக் கையில் காசு இல்லாவிட்டால் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். மூன்று தொகுதியில் ஏதாவது ஒன்றுதான் அலமாரியில் இருக்கிறது என்றால், அது முதல் தொகுதியாக இருந்தால் மட்டும் எடுத்து வாருங்கள். மற்ற இரண்டை எடுத்துப் போனவர் திருப்பித் தரும்வரை, அதிலுள்ள 22 அத்தியாயங்கள் மூன்று வாரத்துக்குத் தாங்கும்.